பெங்களூரா, சென்னையா?

கேள்வி: கணினிப் பொறியியல் முடித்திருக்கிறேன். சென்னை, பெங்களூரு இரண்டு ஊரிலும் வேலை கிடைத்திருக்கிறது. எங்கே போகலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பெங்களூரில் வேலை மாறலாம், வீடு மாற வேண்டியதில்லை. அதுதான் அந்த ஊரின் பெரும் பலம். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் அங்கே வந்தது. 2007-இல் ஃபிளிப்கார்ட் அங்கேதான் பிறந்தது. ஓரிடத்தில் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து புதிதாகத் தொடங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது. அந்த ஆசை உங்களுக்கும் இருந்தால் தயங்காமல் போங்கள். அறையை மட்டும் அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலில் கழியும் மாலைகளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை!

சென்னை வேறு மாதிரி. ஒரே மென்பொருளை ஆண்டுக்கணக்கில் செதுக்கி உலகத்துக்கு விற்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஜோஹோ அப்படி வளர்ந்ததுதான். 2010-இல் இங்கே தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021-இல் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கே போனது. முதல் வேலையில் கை தேற வேண்டும் என்றால் என் ஓட்டு சென்னைக்கு.

அது சரி, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறதே, விசாரித்தீர்களா?