மருமகனுக்கு மாட்டெருப் புத்தி

மருமகன், கோவிக்காம கேளுங்க. கத்தாரிலிருந்து வந்த கையோட, "இனிப் பை உரம் தொட மாட்டன் மாமா, முழுக்க மாட்டெருதான்" என்டு நீங்க சொன்னதும் எனக்குச் சந்தோசம் தாங்கல்ல. அங்க ஒட்டகப் புழுக்கையையும் தோட்டத்துக்குப் போடுறாங்க என்டு வேற சொன்னீங்க. நல்ல வேளை, ஒட்டகம் ஒன்டு வாங்கிட்டு வரல்ல. அது மகா கஞ்சன். காஞ்ச முள்ளத் தின்டு கிடக்கிற காலத்தில, மூத்திரத்தோட போக வேண்டிய யூரியாவ மறிச்சுத் திரும்ப வயித்துக்கே அனுப்பிப் போடும். வயித்துக்குள்ள இரிக்கிற நுண்ணுயிர் அதத் தின்டு பெருகும், பெருகின நுண்ணுயிர ஒட்டகம் செமிச்சிரும். 1950களில ஸ்மிட்-நீல்சன் என்டு ஒரு விஞ்ஞானி சகாராவில போய்க் குந்தியிருந்து பார்த்த சங்கதி. அப்பிடிப்பட்ட சீவன் நின்ட நிலத்தில ஒங்களுக்கு என்னத்த மிச்சம் வெச்சிட்டுப் போகும்?

எங்கட மாடு தாராள மனசுக்காரன். தின்ட நைதரசனில முக்கால் பங்குக்கு மேல பின்னால விட்டிரும். பச்சப்புல் வயிறார மேஞ்ச மாடென்டா, விட்டதில பாதிக்கு மேல மூத்திரத்தில இரிக்கி. நீங்க என்ன செய்தீங்க? மாட்டுக் காலையில கிடந்த சாணிய மட்டும் வழிச்சு, உழவு மிசின் பொட்டியில ஏத்தி, அக்கரைப்பத்து றோட்டுப் பக்கம் நாலு பேர் பார்க்கக் கும்பியாக் கொட்டி வெச்சிரிக்கீங்க. மூத்திரம் காலை மண்ணோட போயிட்டு. கும்பிக்கு மேல கூரையும் இல்ல, கிடுகும் இல்ல. மிகச் சரி. லுஹர் நேரத்து வெயிலில கிட்டப் போய் நின்டு பாருங்க, கண் எரியும், மூக்கு அடைக்கும். அதுதான் அமோனியா. ஒங்கட நைதரசன் பாஸ்போட்டு விசா ஒன்டும் இல்லாம வெளிநாடு போகுது. மிச்சத்த ஐப்பசி மழை கரைச்சுக் கோணாவத்தை ஆத்துப் பக்கம் கொண்டு போகும். ஆத்துவாழை நல்லாச் செழிக்கும், அதுவும் ஒரு வெள்ளாமதானே.

கணக்குப் பார்க்கிறது ஒங்களுக்குப் பிடிக்காது, தெரியும். ஆனா ஒரு கணக்கு. ஐம்பது கிலோ யூரியாப் பையில 23 கிலோ நைதரசன். மாட்டெரு நூறு கிலோவில அரைக் கிலோ, நல்ல எரு என்டா ஒரு கிலோ. ஒரு பைக்கு ஈடு கட்ட 2.3 தொன்னிலிருந்து 4.6 தொன் வரை வேணும். அதிலயும் முதல் போகத்தில பயிருக்கு எட்டுறது கொஞ்சம்தான். மிச்சம் மண்ணோட கிடந்து ஆறுதலா வரும். இந்தக் கணக்கப் பார்க்காம இருந்தது நீங்க மட்டும் இல்ல, இலங்கை நாடே இருந்திச்சு. 2021 மே 6ஆம் தேதி வர்த்தமானி போட்டு, இரசாயன உரம் வாறத ஒரே அடியில நிப்பாட்டினாங்க. அந்த மாரியில வயல் மஞ்சள் பூத்து நின்டத நீங்க வீடியோக் கோலில பார்த்தீங்க, நாங்க வரம்பில நின்டு பார்த்தம். சீனாவிலிருந்து நீர்யானைப் பேர் வெச்ச கப்பல் ஒன்டு 20,000 தொன் சேதன உரத்தோட வந்திச்சு. மாதிரியில எர்வினியா என்ட கிருமி இரிக்கி என்டு நம்மட ஆக்கள் ஏத்துக்கல்ல, கப்பல் கடலச் சுத்திச் சுத்தி நின்டிச்சு. கடைசியில, இறக்காத எருவுக்கு 7 மில்லியன் டொலருக்குக் கிட்டக் குடுத்தாச்சு. இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் விமானத்தில வந்திச்சு. நவம்பரில தடைய எடுத்தாங்க. எங்கட அட்டாளைச்சேனையில கிடந்த சாணி மட்டும் எங்கயும் போகல்ல, அதக் கேட்கத்தான் ஒருத்தரும் இல்ல.

சிறுபோகம் வெட்டினாப் பிறகு மாட்டுப் பட்டி வயல் வட்டைக்க இறங்கும் தானே? காலில செருப்பில்லாம ஒரு நாள் வாங்க, அந்தச் சாணி என்ன செய்யுது என்டு காட்டுறன். நாலு மழை விழுந்தா, பழைய சாணி கிடந்த இடத்தச் சுத்திப் புல் கரும்பச்சையாக் குடம் மாதிரி எழும்பி நிக்கும். மாடு அதில வாய் வைக்காது, தான் கழிச்ச இடத்த மோந்து பார்த்து விலகிரும். எங்கட ஊரில சில பேருக்கு அந்த வெட்கமும் இல்ல, அது வேற கதை. புதுச் சாணியக் கம்பால கிளறுங்க, அடியில கறுப்பு வண்டு உருண்டை பிடிச்சு மண்ணுக்க இறக்கிக் கொண்டிரிக்கும். உரம் புதைக்கிற கூலிக்காரன் அவன், ஈபிஎஃப் கேட்க மாட்டான். அவுஸ்திரேலியாவில மாடு கனக்க இருந்தும் அந்தச் சாணிக்கேத்த வண்டு இல்லாம, 1960களில கடல் கடந்து வண்டு கொண்டு வந்தாங்க. நீங்க என்னடான்டா இஞ்ச இரிக்கிற வண்டையும் பூச்சி மருந்தால கொல்றீங்க.

மாடு மூத்திரம் பெய்த இடம் இன்னும் ருசியான கதை. அந்தச் சின்ன இடத்தில புல்லால குடிக்க ஏலாத அளவு நைதரசன் ஒரேயடியா விழும். கொஞ்சம் ஆவியாப் போகும், மிச்சம் நைத்திரேற்றாகி மண்ணில காத்துக் கொண்டிரிக்கும். அந்த நேரம் பார்த்து நீங்க விதைப்புக்கு மொத்தமாத் தண்ணியக் கட்டினா, தண்ணிக்கடியில காத்தில்லாம வாழுற கிருமி அதத் திரும்ப வாயுவாக்கி மேல அனுப்பிரும். அதால பட்டி போன பிறகு நிலத்தச் சும்மா விடாம, உழுது பயறு, சணல் ஏதும் எறிஞ்சு வைங்க. முளைச்சது அதப் பிடிச்சு வெச்சிருக்கும், பிறகு சேத்தோட மடிச்சு விடுங்க. மாட்டுக்கு ஆர்ர நிலம் என்ட பேதமும் இல்ல: வட்டமடு என்ட இடத்தில மேய்ச்சல் தரையா வயலா என்டு மாட்டுக்காரரும் கமக்காரரும் வருசக்கணக்கா இழுபட்டதில, மாடு மட்டும் ரெண்டு பக்கமும் உரம் போட்டிச்சு.

பை உரத்த அடியோட விட வேணாம், பாதியாக் குறைங்க. காலைக்க வைக்கோலப் பரப்பி வைங்க, மூத்திரத்தக் குடிச்சுக் கொள்ளும். கும்பிய வேம்புக்குக் கீழ மாத்தி, கொஞ்சம் நனைச்சு, இறுக்கி மூடி வைங்க. மூடுறதுக்கு என்ன போடுற என்டு கேட்காதீங்க. காருக்கு மேல நீலப் படங்கு ஒன்டு போர்த்தி வெச்சிரிக்கீங்க தானே, அதுதான் அளவு. மகள் கேட்டா மாமா சொன்னாரு என்டு மட்டும் சொல்லிராதீங்க.