நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

கேள்வி: ஸ்கேனில் இரட்டை என்கிறார்கள். டாக்டரிடம் முதலில் எதைக் கேட்பது?

பதில்: ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 'நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?' என்று கேளுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் அது தெளிவாகத் தெரியும். பதிலை ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். மற்ற பரிசோதனைகளெல்லாம் அதன் பின்னேதான் வரும்.

கேள்வி: ஒன்றுதான் என்றால் பயமா?

பதில்: பயம் வேண்டாம், கவனம் வேண்டும். ஒரே நஞ்சுக்கொடியில் இரு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் பின்னிக் கிடக்கும். இப்படிப்பட்ட 100 கர்ப்பங்களில் 10 முதல் 15-ல், ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்கு அதிகமாகப் பாயும். கொடுக்கும் பிள்ளை வாடும். வாங்கும் பிள்ளையின் இதயம் திணறும். அதனால்தான் 16-வது வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். காலத்தில் கண்டுகொண்டால் லேசர் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: தாயின் ரத்தத்திலேயே டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிக்கலாமாமே?

பதில்: சந்தேகத்தைச் சொல்லும்; உறுதி சொல்லாது. என்.ஐ.பி.டி. என்ற அந்தப் பரிசோதனை, தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்க்கிறது. 'பாசிட்டிவ்' என்றால் எந்தப் பிள்ளைக்கு என்று அதனால் சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே ஒரு கரு கரைந்துபோயிருந்தால் முடிவு குழம்பலாம். அதை லேபில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு தாளை நம்பிக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: உறுதி செய்ய என்ன வழி?

பதில்: 15 வாரம் முடிந்தபின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது. நஞ்சுக்கொடி இரண்டு என்றால் இரு பனிக்குடங்களிலிருந்தும் தனித்தனியே எடுக்க வேண்டும். கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. இரட்டைக் கர்ப்பங்களில் கை பழகிய டாக்டரிடம் போங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். ரிசல்ட் மாறிவிடக் கூடாது.

கேள்வி: 'எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?' என்கிறார் மாமியார்.

பதில்: அந்தக் காலத்தில் இரட்டையில் ஒன்று தங்காமல் போனால், ஏன் என்று தெரியாமலே அழுதார்கள். அடுத்த ஸ்கேனுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.

கேள்வி: எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்று இருக்கலாமா?

பதில்: டவுன் சிண்ட்ரோம் பரிசோதனை உங்கள் விருப்பம், வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது. நஞ்சுக்கொடியை எண்ணும் ஸ்கேனை மட்டும் தவறவிடாதீர்கள். அது குறை தேடும் ஸ்கேன் அல்ல, இரு பிள்ளைகளையும் காக்கும் ஸ்கேன்.