வீடு தேடி வரும் அப்டேட்

வாங்க மாப்ள. போனைப் பார்த்ததும் மூஞ்சியில என்ன வெளிச்சம்! 'உங்கள் வாட்ஸப் பழசாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்', அதானே? அமுக்குங்க, யோசிக்காம அமுக்குங்க. பேருல ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த மனுவைக் கையில வச்சுக்கிட்டு நாம நடையா நடக்குறோம். அமெரிக்காக்காரன் என்னடான்னா, வரிச்சிக்குடியில ஒரு மனுஷன் பழைய வாட்ஸப்போட அல்லாடுறாரேன்னு தூக்கமில்லாம லிங்க் அனுப்புறான். அந்தப் பாசத்தை மதிக்க வேணாமா?

ஆனா ஒன்னு, இது ஏதோ நேத்து வந்த வித்தைன்னு நெனச்சுக்காதீங்க. 2003 செப்டம்பர்ல 'ஸ்வென்'னு ஒரு கம்ப்யூட்டர் புழு கெளம்புச்சு. மைக்ரோசாஃப்டே எழுதுன மாதிரி மெயில். லோகோ, கட்டம், 'செப்டம்பர் 2003, எல்லா ஓட்டையையும் சேர்த்து அடைக்கிற பேட்ச்'னு பவ்யமா ஒரு கடுதாசி, கூடவே நூறு கேபிக்குச் சொச்சமா ஒரு ஃபைல். நேரம் பார்த்தான் பாருங்க, அங்கதான் அவன் கெட்டிக்காரன். அதுக்கு முந்துன மாசம், ஆகஸ்டுலதான், 'பிளாஸ்டர்' புழு உலகம் பூராவும் கம்ப்யூட்டரை அணைச்சு அணைச்சு எழுப்பி வெளையாடியிருந்துச்சு. பேட்ச் போடலைன்னா போச்சுன்னு அவனவன் பயந்துபோய்க் கெடந்தான். வாசல்ல வந்து நின்ன பேட்சை எவன் வேணாம்பான்?

ஃபைலைத் தொறந்தா, 'இன்ஸ்டால் பண்ணலாமா?'ன்னு மரியாதையா ஒரு பெட்டி கேட்கும். ஆமான்னு அமுக்கினா பளபளன்னு ஒரு பட்டை ஓடும். இல்லைன்னு அமுக்கினா பட்டை ஓடாது, அவ்வளவுதான் வித்தியாசம். புழு ரெண்டுக்கும் உள்ள போய்ப் படுத்துக்கும். அப்புறம் 'மெயில்ல கோளாறு, பேரு பாஸ்வேர்டெல்லாம் மறுபடி எழுதுங்க'ன்னு இன்னொரு பொய்ப் பெட்டி. ஆன்டிவைரஸ் முழிச்சுக்கிட்டிருந்தா அதோட கழுத்தைத் திருகிடும். உங்ககிட்ட இருக்குற மெயில் முகவரியையெல்லாம் பொறுக்கி, அத்தனை பேருக்கும் அதே கடுதாசியைப் போட்டுடும்.

இதுல எனக்குச் சிரிப்பு வர்ற இடம் வேற. அந்தப் புழு, பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஓட்டை ஒன்னு வழியா, ஃபைலைத் தொறக்காமலே, மெயிலை எட்டிப் பார்த்தாலே உள்ள வரவும் தெரிஞ்சது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2001 மார்ச்சுலயே நெச பேட்ச் குடுத்தாச்சு. ரெண்டரை வருஷமா அதைத் திரும்பிப் பார்க்காத மகராசனுக்கு, பொய்ப் பேட்ச் மெயில்ல வந்ததும் எங்கேருந்துதான் வந்துச்சோ அவ்வளவு சுறுசுறுப்பு!

நீங்க மட்டும் என்னவாம்? போன்ல செட்டிங்ஸ்குள்ள நெச அப்டேட் ஒன்னு எத்தனை நாளா காத்துக் கெடக்குது? 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தெனம் தள்ளி வுடுறீங்க. பொய்யானது வந்தா மட்டும் செருப்பைக்கூட மாட்டாம ஓடுறீங்க.

நம்ம நாட்டுலயும் நடந்ததுதான். 2021 ஏப்ரல்ல 'வாட்ஸப் பிங்க்'னு ஒன்னு சுத்துச்சு. பச்சையா இருக்குற வாட்ஸப் ரோஸ் கலர் ஆகிடுமாம், புதுப்புது வசதியெல்லாம் வருமாம். லிங்க்கைத் தொட்டா ஏபிகே ஃபைல், அதாவது ஆப்பைப் போன்ல ஏத்துற பொட்டலம், எறங்கும். அது நோட்டிஃபிகேஷனைப் படிக்க அனுமதி வாங்கிக்கும். அப்புறம் யார் உங்களுக்கு 'சாப்டீங்களா'ன்னு மெசேஜ் போட்டாலும், நீங்க பதில் சொன்ன மாதிரி அதே லிங்க் அவங்களுக்குப் போகும். 2023 ஜூன்ல மும்பை போலீஸ் மறுபடி இதுக்கு எச்சரிக்கை குடுக்க வேண்டி வந்துச்சு. கலர் ஆசை லேசுல வுடுமா?

யாரு அனுப்புனாங்கன்னு பாக்கணும்பீங்க. அங்கதான் சூட்சுமமே. பூவம் தாண்டி, காரைக்கால் எல்லையில இருக்குற நண்டலாறு செக்போஸ்ட்டை நெனச்சுப் பாருங்க. புது ஊர் வண்டி வந்தா டிக்கியைத் தொறந்து ஸ்டெப்னிக்கு அடியில வரைக்கும் துழாவுவாங்க. தெனம் போற பால்காரர் கேனை யாரு மோந்து பாக்கப் போறா? காரைக்கால் சரக்கு பாட்டிலைத் தரங்கம்பாடிக்குக் கடத்தணும்னு நெனைக்கிறவன் பால்காரரைத்தான் தேடுவான். புழுவும் அப்படியே, தெரிஞ்ச மூஞ்சியில ஏறித்தான் வரும். அனுப்புனது உங்க சகலையா இருந்தா, அவருக்கே அது தெரியாது. போன் போட்டுப் பேசிச் சொல்லுங்க. மெசேஜ்ல சொல்லாதீங்க, பதில் போடுறது சகலையா புழுவான்னு எப்படித் தெரியும்?

இப்ப கலர் போய் வேற வேஷம். வண்டிக்கு அபராதம்னு ஒரு ஏபிகே, கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஏபிகே. மாப்ள, பத்திரிகையை எவனாவது இன்ஸ்டால் பண்ணுவானா? மஞ்சள் தடவிக் குடுக்குற பத்திரிகைக்கு எதுக்கு உங்க எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதி? ஓடிபியைப் படிக்கத்தான். மொய்யை அவனே உங்க கணக்குலேருந்து எடுத்துக்குவான், உங்களுக்குச் செரமமே வேணாம்.

சரி, அப்டேட் பண்ணியே தீரணும்னு கை ஊறுதா? பிளே ஸ்டோரைத் தொறந்து, வாட்ஸப்னு தேடுங்க. நெசமாவே புதுசு இருந்தா அங்க அப்டேட்னு போட்டிருக்கும். இருந்தாலும் இல்லைன்னாலும், லிங்க்கோட வந்த மெசேஜை நம்பாதீங்க. அப்படியே செட்டிங்ஸ்ல, தெரியாத எடத்துலேருந்து ஆப் போட எதுக்கெல்லாம் அனுமதி குடுத்து வச்சிருக்கீங்கன்னு பாருங்க. வாட்ஸப்புக்குக் குடுத்திருந்தா பிடுங்கிடுங்க.

ஏற்கெனவே அமுக்கிட்டீங்களா? தலையைச் சொறியாதீங்க, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. முதல்ல வைஃபை, டேட்டா ரெண்டையும் நிறுத்துங்க. என் போனை எடுத்துக்கிட்டு பேங்குக்குப் பேசி கணக்கை முடக்கச் சொல்லுங்க. காசு போயிருந்தா உடனே 1930, மத்திய அரசோட சைபர் குற்ற உதவி எண். சீக்கிரம் சொன்னாத்தான் போன காசை வழியிலயே மறிச்சு நிறுத்த வாய்ப்பு உண்டு. போலீஸ், பேங்க் எல்லாத்துக்கும் நானே கூட வர்றேன். என் பொண்ணுகிட்ட மட்டும் நீங்களே சொல்லிக்குங்க. அதுக்கு உதவி எண் கெடையாது.