மூன்று தீபாவளி டைரக்டர்

சாலிகிராமத்தில் எந்த டீக்கடைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். கக்கத்தில் ஒரு ஃபைல், காலையிலேயே கறுப்புக் கண்ணாடி. பதவி, இணை இயக்குநர். யாருக்கு இணை என்று கேட்கக் கூடாது. புதுக் கதையில் இவருக்கு நம்பிக்கை கிடையாது. "எல்லாத்தையும் தாத்தாங்க எடுத்து முடிச்சிட்டாங்க சார். நாம தூசி தட்டினா போதும்!"

இப்போது தூசி தட்டப்படுவது 1944-இல் வந்த 'ஹரிதாஸ்'. பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். இதைச் சொல்லும்போது மட்டும் இணையின் குரல் தாழ்ந்துவிடும். "ஹீரோ உள்ள, படம் வெளிய! ஆடியோ லாஞ்ச் இல்ல, குட்டிக் கதை இல்ல. எப்படி சார் ஓடுச்சு?" நியாயமான சந்தேகம்தான்.

பாகவதர் குதிரையில் பாடிக்கொண்டே அறிமுகமாவார். குதிரை என்றால் விலங்கு நல வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே பைக்.

"ஹெல்மெட்டுக்குள்ள எப்படிய்யா பாடுவான்?"

"ஹெல்மெட் எதுக்குங்கறீங்க? வாயசைக்கவே வேண்டாமே!"

டி.ஆர். ராஜகுமாரி நடித்த தாசி ரம்பா, இன்ஸ்டாகிராம் பிரபலம் ஆகிறாள். ஹரிதாஸ் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை; ஜீபே பண்ணிக்கொண்டே இருந்தால் போதும். ராஜகுமாரி அன்று காற்றில் அனுப்பிய ஒரே முத்தத்தில் ஊரே கிறங்கியது. இப்போது அதற்கொரு எமோஜி.

முனிவரிடம் வம்பு செய்து ஹரிதாஸ் கால்களை இழக்கும் இடத்தில்தான் சிக்கல். கால் போனால் சண்டைக் காட்சி போச்சு, ரசிகர் மன்றம் கொதிக்கும். "கால் போக வேண்டாம் சார். மாவுக்கட்டு போட்டுக்கலாம். அதை உதறிட்டு எந்திரிக்கிறாரு பாருங்க, அங்க வைக்கிறோம் இன்டர்வல்!" இருபதை ஒட்டிய பாட்டுகளை நாலாக்கிவிட்டார். பாபநாசம் சிவன் மன்னிப்பாராக.

ஆனாலும் ஆளிடம் சரக்கில்லை என்று சொல்லிவிட முடியாது. பெற்றோருக்குப் பணிவிடை முடியும்வரை கடவுளையே வாசலில் காக்க வைக்கிற, புண்டலீகன் கதையை ஒட்டிய கட்டம் இருக்கிறதே, அதற்கு இவர் வைத்திருக்கும் சீனைக் கேளுங்கள். கிருஷ்ணர் டெலிவரி பையனாக வந்து காலிங்பெல் அடிக்கிறார். உள்ளே ஹரிதாஸ் அப்பாவுக்குக் கால் அமுக்குகிறான்.

"சார், ஓடிபி சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம் நில்லுப்பா."

"அடுத்த ஆர்டர் வைகுண்டத்துல சார். லேட்டானா ரேட்டிங்ல கை வைப்பாங்க."

இந்த ஒரு சீனுக்கு நானே டிக்கெட் எடுப்பேன்.

போன வாரம் ஒரு தயாரிப்பாளர் ஏசி அறையில் உட்காரவைத்துக் கதை கேட்டார். அப்பா அம்மாவை வீட்டை விட்டுத் துரத்துகிற ஹீரோவா, ஃபேமிலி ஆடியன்ஸ் வராதே என்றார். உடனே பெற்றோரை விமானத்தில் காசி யாத்திரை அனுப்பிவிட்டார் இணை. தாசி வேண்டாம் என்றார், தோழி ஆக்கினார். சாமி வேண்டாம் என்றார். கொஞ்சம் தொண்டை அடைத்தது, அதையும் எடுத்தார்.

தயாரிப்பாளர் முந்திரியை மென்றபடி கேட்டார்: "இதுல பழைய படம் எங்கய்யா இருக்கு?"

"டைட்டில் இருக்கே சார்!"

"அந்தப் பேர்ல 2013-லயே வேற ஒரு படம் வந்துடுச்சே."

இணை ஃபைலைத் திறந்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"அப்ப டைட்டிலையும் மாத்திடலாம் சார்."