கேட்டதும் சொன்னதும்: சால்ஸ்பரிப் பேராலயம்

சென்னை வாசகர்: லண்டனிலிருந்து சால்ஸ்பரிக்கு எப்படிப் போவது? இறங்கியபின் ஆலயத்துக்கு வழி?

வாட்டர்லூவில் ரயிலேறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அப்புறம் வழிக்கு யாரையும் கேட்க வேண்டாம்; 123 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஊசிக் கோபுரம், பிரிட்டன் தேசத்திலேயே உயர்ந்த ஆலயக் கோபுரம், அழைத்துக்கொண்டு போகும்.

மதுரை வாசகி: ஸ்டோன்ஹெஞ்சும் அருகில்தானாமே? ஆலயத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு அங்கே போய்விடலாமா?

கூடாது அம்மா. அந்தக் கற்களைக் காலையில் பார்த்துவிடுங்கள். மாலை முழுவதும் ஆலயத்துக்கு.

கோவை வாசகர்: அப்படி மாலையில் என்ன விசேஷம்? பகலில்தானே சிற்பமும் ஜன்னலும் நன்றாகத் தெரியும்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பகல் முழுவதும் கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு தூண் தூணாக நடந்து, பர்பெக் கல்லின் கருமையையும் சில்மார்க் கல்லின் வெளிர்மையையும் வேறுபடுத்திப் பார்த்து, உயரத்தைக் கண்டு வியந்து, கழுத்து வலித்து வெளியேறுகிறவர், அந்தக் கட்டடத்தின் பாதியைத்தான் பார்த்தவர் ஆகிறார். ஏனெனில் மற்றப் பாதி நாதத்தில் இருக்கிறது. பெரும்பாலான வார நாட்களில் மாலை ஐந்தரை மணிக்கு ஆராதனை தொடங்குகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் உண்டு; ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. ஆர்கன் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருக்க, வெள்ளை அங்கியணிந்த சிறுவர்களோ சிறுமிகளோ பெரியவர்களோடு இரண்டிரண்டு பேராக வந்து எதிரெதிர் வரிசைகளில் அமர்கிறார்கள். வேதாகமத்துச் சங்கீதங்களின் ஓர் அடியை இந்தப் பக்கம் பாட, அடுத்த அடியை அந்தப் பக்கம் வாங்கிப் பாடுகிறது. அடி முடிந்து அவர்கள் மூச்சு வாங்கும் அந்தச் சிறு இடைவெளியில், பாடி முடித்த ஸ்வரம் மேலே வளைவுகளுக்குள் சஞ்சரித்துக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். அது அடங்கும் வரை அடுத்த அடியை எடுக்காமல் நிறுத்தி வைப்பதுதான் நல்ல பாடகர் குழுவுக்கு அழகு. இந்த வளைவுகளின் உயரத்துக்குக் கண்ணால் அர்த்தம் தேடி அலைந்தவருக்கு, அந்தக் கணத்தில் காது அதைச் சொல்லிவிடும்.

கவி ஜார்ஜ் ஹெர்பர்ட் 1630 முதல், 1633இல் காலமாகும் வரை, பக்கத்துப் பெமர்ட்டன் கிராமத்தில் குருவாக இருந்தவர். வாரத்துக்கு இரு முறை வயல்வெளி வழியே நடந்து வந்து இந்த இசையைக் கேட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். சொந்தமாக ஓர் ஆலயமும் வழிபாடும் உள்ள குருவே நடந்து வந்தார் என்றால், வாட்டர்லூவிலிருந்து ரயிலில் வருகிற நமக்கு என்ன தடை?

திருச்சி வாசகர்: பாடுகிறவர்கள் சிறுவர்கள்தானா?

1991இல் சிறுமியருக்கும் தனிப் பாடகர் குழு அமைத்தார்கள். இங்கிலாந்தின் பேராலயங்களில் இதில் முந்திக்கொண்டது சால்ஸ்பரிதான். பள்ளி விடுமுறைக் காலத்தில் இவர்கள் இருக்க மாட்டார்கள். வெளியூர்க் குழுக்கள் வந்து பாடும். ஆகையால் தேதி பார்த்துப் புறப்படுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் ஊரிலும் ஊசிக் கோபுரம் உண்டு. எங்கள் பாட்டனார் காலத்து ஜெபப் புத்தகத்துக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டா என்று கேட்டீர்களே, ஐயா! இந்தப் பேராலயத்தில் உருப்பெற்று வளர்ந்த வழிபாட்டு முறைக்கு, ஊரின் பழைய பெயரை ஒட்டி, ‘சேரம் முறை’ என்று பெயர். மத்திய காலத்தில் அது இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பரவி வழங்கிற்று. 1549இல் பேராயர் க்ரான்மர் ஆங்கிலத்தில் பொது ஜெபப் புத்தகத்தை வகுத்தபோது அவர் முன் விரிந்திருந்த முக்கிய ஆதாரம் இதுவே. துறவிகள் அந்தியிலும், படுக்கப் போகுமுன்பும் தனித்தனியே நடத்திவந்த இரண்டு வழிபாடுகளை அவர் ஒன்றாக இணைத்தார். முன்னதிலிருந்து மரியாளின் கீதமும் பின்னதிலிருந்து சிமியோனின் கீதமும் வந்து, ஒரே மாலை ஆராதனைக்குள் சேர்ந்து நின்றன. அந்தப் புத்தகம் 1662இல் நிலைபெற்ற வடிவத்தோடு கப்பலேறி, தமிழாகி, 1826இல் எழுந்த உங்கள் ஆலயத்திலும் ஒலித்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது, அந்த மரபையும் உடன் கொண்டுதான் உங்கள் முன்னோர் அதில் சேர்ந்தார்கள். ஆகவே நீங்கள் சால்ஸ்பரியில் போய் உட்கார்ந்தால், பக்கத்து ஆசனத்து ஆங்கிலேயர் தாளைப் புரட்டித் தேடுமுன்பே, அடுத்து வருவது வேத பாடமா கீதமா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருந்தாளியாகப் போகாதீர்கள், பங்காளியாகப் போங்கள்.

சேலம் வாசகர்: அவ்வளவு உயரக் கோபுரத்துக்கு அஸ்திவாரம் நாலே அடிதானாமே? விழுந்துவிடாதா?

எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம் இது. கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லுவேன். பழைய பேராலயம் ஓல்ட் சேரம் என்னும் குன்றின்மேல், கோட்டைக்குள், காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் சிப்பாய்களோடு ஓயாத சச்சரவிலும் கிடந்து தவித்தது. பிஷப் ரிச்சர்ட் பூர் இறங்கிவிடுவோம் என்று தீர்மானித்து, ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலத்தில் 1220இல் அஸ்திவாரக் கல்லை நாட்டினார். 1258இல் பிரதிஷ்டையே நடந்துவிட்டது. மற்றப் பேராலயங்கள் நூற்றாண்டுக்கு ஒரு பாணியாக வளர்ந்துகொண்டிருக்க, இதன் உடல் முழுவதும் முப்பத்தெட்டு ஆண்டுக்குள் ஒரே மனசோடு எழுந்ததனால்தான், உள்ளே நுழைந்ததும் ஒரே ராகத்தை ஆதியோடந்தமாகக் கேட்ட நிறைவு உண்டாகிறது.

ஆனால் அவர்கள் கட்டியது தாழ்ந்த ஒரு விளக்குக் கோபுரத்தோடு நின்ற ஆலயம். அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தவர்கள், ஆசை மிகுந்து, கீழே இருந்த தூண்களை ஒரு வார்த்தை கேட்காமல், சுமார் 6,500 டன் கல்லை அவற்றின் தலையில் ஏற்றினார்கள். ஆலயத்தின் நடுவில், குறுக்கு மண்டபம் கூடும் இடத்தில் நின்று, நாலு பெருந்தூண்களில் ஒன்றை அடியிலிருந்து நுனி வரை கண்ணால் தடவிக்கொண்டே போங்கள்: கல் வளைந்திருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருக்கிறது. 1668இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் வந்து அளந்து, கோபுர நுனி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் சாய்ந்திருப்பதாகக் கண்டார். சாய்வைக் காட்டும் அடையாளம் இன்றும் தரையில் உண்டு. பின்னால் அளந்தவர்கள் அது பெருகவில்லை என்று கண்டார்கள். காரணம் தரையடியில் இருக்கிறது: கெட்டியான சரளைப் படுகை, அதில் எப்போதும் ஊறி நிற்கும் ஜலம். தளத்தில் ஒரு சிறு கல்லைப் பெயர்த்துக் குச்சியை விட்டு ஜலமட்டத்தைப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. மேலே அவ்வளவு பெரிய சாகசம். அதன் க்ஷேமத்தை விசாரிக்கக் கீழே ஒரு குச்சி! ஆலயம் முழுவதிலும் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்த கருவி அதுதான்.

இந்தக் கோபுரம் எழுந்த கதையைத் தம் கற்பனையில் வார்த்து 1964இல் நாவலாக்கிய வில்லியம் கோல்டிங், இதன் நிழலிலேயே உள்ள பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்.

வேலூர் வாசகர்: அங்கே முகமில்லாத கடிகாரம் இருப்பது மெய்யா?

மெய். சுமார் 1386ஆம் ஆண்டினது. இன்றும் ஓடும் கடிகாரங்களில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்றாக எண்ணப்படுவது. இரும்புச் சட்டம், பல் சக்கரங்கள், கயிற்றில் தொங்கும் கற்கள். முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடித்து ஊருக்கு நேரம் சொல்வதற்கென்றே பிறந்தது. அது குடியிருந்த தனி மணிக்கூண்டை, 1789இல் திருப்பணி என்ற பெயரில் வந்த ஜேம்ஸ் வயட் இடித்துத் தள்ளினார். பழைய வர்ணக் கண்ணாடிகளையும் பெயர்த்தார். கல்லறைகளைக் கிளப்பி ஒழுங்காக வரிசையில் வைத்தார். ஜான் கான்ஸ்டபிளின் தூரிகை வானவில்லோடு 1831இல் தீட்டிய அழகெல்லாம் வெளிப்புறத்து அழகு என்பதை நினைத்தால், வயட்டை மன்னிக்க எனக்கு இன்னமும் மனம் வரவில்லை. திருப்பணி செய்கிறேன் என்று உளியோடு வருகிறவரை எந்தத் தேசத்திலும் முதலில் உட்கார வைத்து, ஒரு வருஷம் சும்மா பார்க்கச் சொல்ல வேண்டும்.

தஞ்சை வாசகி: பழைய ஆலயத்தில் புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது என்பீர்களா?

மாட்டேன். 2008இல் வில்லியம் பை அமைத்த ஞானஸ்நானத் தொட்டியைப் பாருங்கள். விளிம்புவரை நிறைந்த நீர் நாலு மூலையிலும் ஓசையின்றி வழிந்துகொண்டேயிருக்க, நடுப்பரப்பு அசைவற்று, மேலே உள்ள வளைவுகளையெல்லாம் தலைகீழாக ஏந்திக்கொண்டு கிடக்கிறது. மயன் சபையில் துரியோதனன் நீரைத் தரை என்று மயங்கியதுபோல், இங்கே நீரைக் கண்ணாடி என்று மயங்குவது எளிது. கிழக்குக் கோடியில், 1980இல் வைத்த நீல ஜன்னல் மனச்சாட்சிக்காகச் சிறைப்பட்டவர்களின் நினைவாக அமைந்தது. விடிந்ததும் வெயில் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இப்படிச் சேர்ப்பவர்கள் வரட்டும்.

ஈரோடு வாசகர்: மாக்னா கார்ட்டா?

1215ஆம் ஆண்டின் அந்த உரிமைச் சாசனத்தில் எஞ்சிய நாலு பிரதிகளில் மிக நன்றாகப் பேணப்பட்டது இங்கேதான் இருக்கிறது, படம் பிடிக்க அனுமதியில்லை, அதற்காக நிர்வாகத்தாருக்கு என் ஆசீர்வாதம்.

சிதம்பரம் வாசகர்: நான் சைவன். மனைவியை இழந்தபின் மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போகிறேன். அந்த ஆராதனையில் நான் போய் உட்காருவது பொருந்துமா? பார்வையாளனாகப் பின்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஐயா, தாராளமாகப் பொருந்தும். வாசலில் உங்கள் மதத்தை யாரும் கேட்க மாட்டார்கள். மாலை ஆராதனையில் நற்கருணை கிடையாது. எழுந்து போய் வாங்குவதா வேண்டாமா என்ற தர்மசங்கடம் உங்களுக்கு நேராது. நீங்கள் பாட வேண்டியதும் அநேகமாக இல்லை. பாடுவது குழுவின் பணி, கேட்பது சபையின் பணி, அந்தக் கேட்டலையே அவர்கள் வழிபாடாகக் கொள்கிறார்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்திருங்கள், அமரும்போது அமருங்கள். முழந்தாளிட மனமில்லாவிட்டால் தலை குனிந்திருங்கள். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது மௌனமாக நிற்கலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னால் நிற்க வேண்டாம், கொஞ்சம் முன்னதாகப் போனால் பாடகர்களுக்கு அருகிலேயே மர ஆசனங்களில் இடம் தருவார்கள். அன்றைய சங்கீதங்களில் துக்கமும் இருக்கும், முறையீடும் இருக்கும், கோபம்கூட இருக்கும். எந்த நாளுக்கு எது என்பது முன்னமே வகுத்திருப்பதால், உங்கள் நிலைக்காகத் தேர்ந்ததுபோல் ஒன்று வந்து சேரவும் கூடும். வராவிட்டால் மறுநாளும் போங்கள். இறந்தோரை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றவும் இடம் உண்டு. அங்கே அம்மையாரின் பெயரை மனத்துக்குள் தமிழிலேயே சொல்லுங்கள்.

விருதுநகர் வாசகர்: கோபுரத்தில் ஏறலாமா?

வழிகாட்டியோடு 332 படி ஏறி ஊசியின் அடி வரை போகலாம். உள்ளே பழைய மரச் சாரம் இன்னமும் நிற்கிறது. ஐந்தரை மணிக்குள் இறங்கிவிடும்படி ஏறுங்கள்.