பீடிங் காவலர்

இரத்தோட்டையில் பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்போர் இருவகையினர்: அதை ஓட்டுவோர் ஒருவகை, அதற்குப் பெயின்ட் அடிக்க ஆயத்தம் செய்துகொண்டேயிருப்போர் மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகையினரே பீடிங் காவலர்கள். அவர் இளைப்பாறிய ஆசிரியராக இருக்கலாம், தோட்டத்தில் கிளாக்கராக வேலை பார்த்து ஓய்ந்தவராக இருக்கலாம், மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் முதலாளியாகவும் இருக்கலாம். தொழில் எதுவாயினும் வலக்கைப் பெருவிரல் நகம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோலவே காணப்படும். சற்றே நீளமாக வளர்க்கப்பட்டு, நுனி தட்டையாகத் தேய்ந்துபோன அந்த நகம், மாஸ்கிங் டேப்பின் ஓரத்தை அழுத்திப் படியவைப்பதற்கென்றே அவர் பேணிவரும் கருவியாகும்.

பீடிங் எனப்படுவது, காரின் கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பரின் வெளிப்பள்ளத்தில் பதிந்து ஓடும் ஒளிரும் மெல்லிய உலோகப் பட்டி. பீட்டிலில் சாதாரண வகைக்கு இது கிடையாது. டீலக்ஸ் வகையின் முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கவாட்டில் திறக்காத இரு கண்ணாடிகள் ஆகிய நான்கைச் சுற்றியும் இது ஓடும். அலுமினியத்தால் செய்யப்பட்டு, மின்வேதியியல் முறையில் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட இப்பட்டி பார்வைக்கு உறுதியானதாகத் தோன்றினாலும், பள்ளத்திலிருந்து தனியே நெம்பி எடுக்க முயன்றால் ஓரிடத்தில் மடிந்துவிடும். ஒருமுறை மடிந்த தடத்தை எவ்வளவு நீவினாலும் மறைக்க முடியாது. இந்த ஓர் உண்மையை எப்போதோ எவரிடமோ கேட்டறிந்த பீடிங் காவலர், அதன்பின் வேறெந்த உண்மைக்கும் தம் மனத்தில் இடமளிப்பதில்லை.

அவ்வாறு இடம் மறுக்கப்பட்ட உண்மைகளுள் தலையானது, பீடிங்கைத் தனியே நெம்ப வேண்டிய தேவையே இல்லை என்பதாகும். முதிர்ந்து இறுகிய இறப்பரின் வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிவர அறுத்து, உள்ளிருந்து கண்ணாடியை மெல்லத் தள்ளினால், கண்ணாடியும் பீடிங்கும் சேதமின்றி வெளியே வந்துவிடும். பெயின்ட் உலர்ந்தபின் புதிய இறப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதில் பீடிங்கைப் பதித்து, உட்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சவர்க்கார நீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் எல்லாம் தத்தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அறுபடுவது பழைய இறப்பர் ஒன்றுதான். காருக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளியான பெயின்ட் பாஸ் இதைச் சொல்லும்போதெல்லாம் நிகழும் உரையாடல், ஆண்டுகள் பல கடந்தும் ஓர் எழுத்துக்கூட மாறியதில்லை.

"கழட்டினா வளஞ்சிரும் பாஸ். வளஞ்சா ஜெர்மனிக்கா போய் வாங்கிட்டு வருவீங்க?"

"ரப்பர வெட்டினா வளையாதுங்க ஐயா."

"கொம்பனி ரப்பர வெட்டுறதா?"

கொம்பனி இறப்பர் என்பது, கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அதில் இருந்ததாகக் கருதப்படும், இப்போது காய்ந்து வெடித்து மழைநீரை உள்ளே விடும் பொருளைக் குறிக்கும். அதையும் காக்க வேண்டியிருப்பதால் டேப் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்குக் காவலர் வந்துசேர்கிறார். டேப் ஒட்டும் வேலையை பாஸிடமோ அவருடைய உதவியாளனிடமோ ஒப்படைக்கலாகாது என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும்.

சடங்கு காலையில் தொடங்கும். முதலில் இறப்பரின் உதட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் மெல்லிய நைலோன் கயிறு செலுத்தப்பட்டு, உதடு சற்றே தூக்கி நிறுத்தப்படுகிறது. பெயின்ட் உதட்டுக்கு அடியிலும் சிறிது செல்ல வேண்டும் என்பதற்கான இம்முறை சரியானதே, இதில் காவலரைக் குறைகூற ஏதுமில்லை. அடுத்து அரை அங்குல டேப் பீடிங்கின் மீது விரல் நீளத்துக்கு ஒட்டப்பட்டு நகத்தால் அழுத்தப்படுகிறது. பின்னர் மூக்குக்கண்ணாடி கழற்றப்பட்டு, துடைக்கப்பட்டு, மீண்டும் அணியப்பட்டு, அந்த விரல் நீளம் பரிசோதிக்கப்படுகிறது. மயிரிழையளவு விலகியிருப்பது கண்டறியப்பட்டு உரிக்கப்படுகிறது. உரித்த டேப்பில் பசை குறைந்துவிட்டதெனக் கருதப்பட்டுப் புதிய துண்டு வெட்டப்படுகிறது. முன் கண்ணாடியின் வளைவான மூலை ஒன்றைக் கடப்பதற்குள் தேநீர் வந்து ஆறிவிடும். கண்ணாடிப் பரப்பை மறைக்கப் பழைய பத்திரிகைத் தாள்கள் வேண்டும். அவற்றுள் மரண அறிவித்தல் பக்கம் காரில் ஒட்டப்படுவது அபசகுனம் என்பதால் தாள்கள் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கப்படுகின்றன. விரித்துப் பார்த்தவை வாசிக்கவும் படுகின்றன. அச்சு மை தின்னரில் கரைந்து கண்ணாடி ஓரத்தில் கறையாகப் படியும், ஆகவே எழுதாத வெள்ளைத்தாளோ பிறவுண் பேப்பரோ மேலானது என பாஸ் நினைவூட்டினால், இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது என்ற தீர்வு பிறக்கும். வாசிக்க வேண்டிய பக்கங்களும் இரட்டிப்பாகும்.

மாஸ்கிங் டேப்பை 1925 இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ. இருநிறக் கார்கள் நாகரிகமாயிருந்த அக்காலத்தில், நிறங்களைப் பிரிக்கப் பசை தடவி ஒட்டிய தாளை உரித்தபோது புதிய பெயின்டும் சேர்ந்து உரிந்ததைக் கண்டு பெயின்டர்கள் பட்ட அவதியே அவரை அம்முயற்சியில் ஈடுபடுத்தியது. பெயின்ட் அடிக்கும் வேலையை விரைவாக்கக் கண்டுபிடிக்கப்பட்ட அப்பொருளைக் கொண்டு அவ்வேலையை முற்றாக நிறுத்திவைக்கவும் இயலும் என்பது இரத்தோட்டையில் நிறுவப்பட்டுள்ளது.

ஏனெனில், ஒட்டிமுடிக்கும் வேளையில் ரிவஸ்டன் பக்கமிருந்து முகில் இறங்கிவிடும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடியில் கிடக்கும் இவ்வூரில் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை. சிறு கராஜ்களில் அடிக்கப்படும் என்.சி. எனும் நைட்ரோசெலுலோஸ் பெயின்டில் உள்ள தின்னர் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மீது படிய, பளபளக்க வேண்டிய நிறம் வெளிறிப் பூஞ்சணம் பூத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே பாஸ் ஸ்பிரே கன்னைத் தொங்கவிட்டுவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பார். ஆனால் டேப் காத்திருப்பதில்லை. நாட்கணக்கில் விட்டால் பசை இறுகி, உரிக்கும்போது தாள் கிழிந்து, பசை மட்டும் பீடிங்கில் தங்கிவிடும். அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்துக் காவலர் மறுபடியும் முதல் மூலையிலிருந்து தொடங்குவார். வெயில் வந்தால் எதிர்வீட்டு முற்றத்தில் படங்கு விரித்து மிளகு காயப்போடுவர். அத்தூசி ஈரப் பெயின்டில் ஒட்டும். மாசி மாதத்தில் வானம் தெளியும். அப்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்களும் வீதிவலம் வர, பாஸ் அங்கே நிற்பார். ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. நகம் மட்டும் எல்லாப் பருவங்களிலும் தொழிற்படும்.

இலக்கத் தகட்டையும் அவர் விட்டுவைப்பதில்லை. இரண்டு திருகாணிகளைத் திருப்பினால் கையோடு வந்துவிடும் அத்தகட்டுக்கும், அதன் நடுவிலுள்ள 'ஸ்ரீ' எழுத்து கெட்டுவிடும் என்ற அச்சத்தால் டேப் ஒட்டப்படுகிறது. 1957 இல் அச்சிங்கள எழுத்து வாகனங்களில் புகுத்தப்பட்டபோது வடக்கில் அதன்மேல் தார் பூசப்பட்டதும், மறுவருடம் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டு அழிக்கப்பட்டதும் அவர் பிறந்த காலத்துச் செய்திகள். இன்று அவ்வெழுத்து காரின் வயதுக்குச் சான்றிதழாகிவிட்டதால், அதே தமிழரின் நகம் அதன் வளைவுகளைச் சுற்றிப் பரிவோடு ஓடுகிறது.

இத்தகைய அச்சம் எங்கிருந்து வந்தது என ஆராய்வோர் அவரிடம் சற்று இரக்கம் கொள்ளவே நேரிடும். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஓர் உதிரிப்பாகம் உடைந்தால் அதை வளைத்தும் ஒட்டியும் கட்டியும் ஓட்டிய மனிதர்களிடையே அவர் வளர்ந்தார். தேய்ந்ததை எறிந்துவிட்டுப் புதியது வாங்குதல் என்ற எண்ணம் அவருடைய எலும்பில் ஏறவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் கார்கள் வராதிருந்தபோது, தம் வாழ்நாள் முழுவதும் தாம் சொல்லிவந்ததை அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக அவர் கருதினார். அவ்வருடங்களில் அவரது நடையில் ஒரு நிமிர்வு தென்பட்டதையும் மறுப்பதற்கில்லை. உரிய நாளில் காலைவெயில் பட்டு அந்தப் பீடிங் மின்னுவதைக் கண்டவர்களுக்கு அவர்மீது வெறுப்புக் கொள்வதும் கடினம்.

எனினும் இறப்பரின் அடியில் நடப்பது வேறு. வெடித்த உதட்டின் வழியே இறங்கும் நீர் முன் கண்ணாடியின் கீழ்மூலைகளில் தேங்கித் தகட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றாதவரை அத்துருவைச் சுரண்டவும் முடியாது, பிரைமர் பூசவும் முடியாது. வெளியே எத்தனை பூச்சு ஏறினாலும் அடுத்த மழைக்காலத்தில் அவ்விடத்தில் கொப்புளம் எழும், பழி பாஸின் மீது விழும். அவருக்கோ இருப்பது ஒரே ஒரு கொட்டில். அதனுள் பத்திரிகைத் தாள் போர்த்திய பீட்டில் நிற்பதால், மட்காட் நசுங்கி வரும் முச்சக்கரவண்டிகள் இடமின்றி மாத்தளைக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. வேலை முடிந்தபின்பே கூலி என்பது காவலரின் நியதி. டேப்பின் விலையைத் தாமே கொடுத்துவிடுவதால் தம் பங்கு நிறைவேறிவிட்டதாக அவர் எண்ணுகிறார். கொட்டிலின் வாடகையை மாதந்தோறும் பாஸ் கட்டவேண்டியிருக்கும் நிலையில், பாதித் தொகையையாவது அவர் முற்பணமாகக் கொடுத்திருக்கலாம்.