கஞ்சா டாக்டரும் கும்பினி ஃபைலும்

1839-ல் கல்கத்தாவில் ஒரு ஐரிஷ் டாக்டர் இரண்டு வேலைகளில் மும்முரமாக இருந்தார். ஒன்று, நாய்க்குக் கஞ்சா கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆகிறதென்று எழுதிவைப்பது. இன்னொன்று, ஹூக்ளிக்கு அக்கரையில் தாவரவியல் பூங்காவில் மூங்கில் நட்டு, இருபது மைலுக்கு மேல் இரும்புக் கம்பி சுற்றி, ஒரு முனையில் மின்சாரம் விட்டால் மறுமுனையில் இருப்பவனுக்கு ஷாக் அடிக்கிறதா என்று பார்ப்பது. இரண்டில் எதற்கு முதலில் மரியாதை கிடைத்தது? கஞ்சாவுக்குத்தான். சில வருஷங்களிலேயே லண்டன் டாக்டர்கள் அதை மருந்தாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கம்பி அங்கேயே காய்ந்தது.

டாக்டரின் பெயர் வில்லியம் புரூக் ஓஷானஸி. இருபத்திரண்டு வயதில் காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, உப்புநீரை நரம்பில் ஏற்றினால் பிழைப்பார்கள் என்று சொன்ன மகாபுத்திசாலி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். நாய், பூனை, பன்றி, கழுகு, காக்கை, பெருநாரை எல்லாவற்றுக்கும் கஞ்சா கொடுத்துப் பார்த்து, மாமிசம் தின்னும் ஜீவன்களுக்குப் போதை ஏறுகிறது, ஆடு மாடு குதிரை குரங்குக்கு அவ்வளவாக ஏறவில்லை என்று கண்டுபிடித்தார். பிறகு மனிதர்கள். கீல்வாதக்காரர் ஒருவருக்கு ஒரு குந்துமணி அளவுகூட இல்லாத கஞ்சாப் பிசினைக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மனிதர் பேச ஆரம்பித்தார், பாடினார், இன்னும் சாப்பாடு கொண்டா என்று சத்தம் போட்டார், தூங்கினார். ராத்திரி கையைத் தூக்கி எந்தக் கோணத்தில் வைத்தாலும் கை அங்கேயே நின்றது. ஓஷானஸி முதலில் வெலவெலத்துப் போனார், பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

தந்தி விஷயத்திலும் அதே குணம். அவருடைய முதல் ஏற்பாட்டில் செய்தியைக் கண்ணாலோ காதாலோ வாங்குவதில்லை, விரலால்தான். இரண்டு முனையிலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரம். முள் எங்கே இருக்கும்போது விரலில் சுருக்கென்று அடிக்கிறதோ, அதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது. நீளமான கடிதமென்றால் வாங்குகிறவன் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றுத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்துமா என்று ஹூக்ளியையும் கம்பியாக்கிப் பார்த்தார். கடத்தியது.

இதையெல்லாம் எழுதி ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சாகவும் வைத்தார். கிழக்கிந்தியக் கும்பினியார் அசையவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்கத்தாவிலிருந்து லண்டனுக்கு ஒரு கடுதாசி போய்ப் பதில் வர மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில்தான் அதிகாரிகளுக்கு நிம்மதியே இருந்தது. 'மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்' என்று எழுதிவிட்டுச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டலாம். அந்தச் சுகத்தைக் கெடுக்கிற எந்திரத்துக்கு அவர்களே கையெழுத்துப் போட வேண்டுமாம்!

பத்து வருஷம் போயிற்று. டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்தார். ஊர் ஊராக ராஜ்யங்களைக் கபளீகரம் செய்துகொண்டிருந்த மனிதருக்கு, விழுங்கியது வயிற்றில் ஒழுங்காக இருக்கிறதா என்று உடனுக்குடன் தெரிய வேண்டியிருந்தது. 1850-ல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பர் வரை, முப்பது மைல் போல, சோதனைக்காக ஒரு லைன் போட அனுமதி கிடைத்தது. அந்த லைனைப் பார்த்துக்கொண்டவர் ஓஷானஸியின் உதவியாளர் சிப்சந்திர நந்தி. இவர் சாமானியப்பட்டவரல்ல. பின்னாளில் பத்மா நதியில் கேபிள் போடவேண்டி வந்தபோது நீராவிக் கப்பலுக்குச் செலவழிக்காமல் மீன்பிடிப் படகுகளை வாடகைக்குப் பிடித்து வேலையை முடித்தவர்.

லைன் கடலோரம் கெஜூரி வரை நீண்டது. 1852 ஏப்ரலில் ரங்கூன் பிரிட்டிஷார் கையில் விழுந்தது. அந்தச் செய்தியோடு வந்த 'ராட்லர்' கப்பல் கெஜூரிக் கொடிமரத்தைத் தாண்டுவதற்குள் கல்கத்தாவில் டல்ஹௌசியின் கையில் செய்தி இருந்தது. பிரபுவுக்கு ஒரே குஷி. நாடு முழுக்கக் கம்பி வேண்டும் என்று குறிப்பு எழுதினார். லண்டனுக்கு எப்படி அனுப்புவது? தபாலில் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? ஓஷானஸியையே கப்பலேற்றி அனுப்பிவிட்டார். மின்னல் வேகச் செய்திக்கு அனுமதி வாங்க, ஃபைலோடு ஆள் நேரில் போய் நின்றால்தான் காரியம் நடக்கும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்த வருஷமே அனுமதி வந்தது.

அனுமதிக்குப் பதின்மூன்று வருஷம். வேலைக்கு? 1853 நவம்பரில் கல்கத்தாவில் ஆரம்பித்து, 1854 மார்ச் 24-ம் தேதி எண்ணூறு மைல் தள்ளி ஆக்ராவிலிருந்து முதல் செய்தி வந்துவிட்டது. அவசரத்துக்கு மூங்கில், பிறகு நிரந்தரக் கம்பம். மரமாயிருந்தால் கரையான் விடாது என்று தெற்கே சில இடங்களில் கருங்கல்லையே நட்டார்கள். கம்பியும் சாதாரணக் கம்பியல்ல, தடித்த இரும்புக் கம்பி. காரணம் குரங்கு. கூட்டமாக வந்து ஊஞ்சலாடினாலும் அறாமல் இருக்க வேண்டும். கஞ்சாவுக்கே மசியாத ஜாதி என்று ஓஷானஸிக்கு ஏற்கெனவே தெரியும்.

1855 பிப்ரவரியில் பொதுஜனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். மெட்ராஸும் இணைந்தது. எப்படி என்கிறீர்கள்? கல்கத்தாவிலிருந்து ஆக்ரா, ஆக்ராவிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாக மெட்ராஸ். கிழக்குக் கரையோடு நேராக வரவேண்டிய செய்தி பாதி இந்தியாவைப் பிரதட்சிணம் செய்துவிட்டு வந்தது. கட்டணம் நானூறு மைலுக்கு, பதினாறு சொல்லுக்கு ஒரு ரூபாய். 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கி, 'அநேக நமஸ்காரம், இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்திய க்ஷேமத்துக்கு எழுதவும்' என்று நம்மவர்கள் மரியாதையாக எழுதினால் விஷயத்துக்கு வருமுன் ரூபாய் தீர்ந்துவிடும். மரியாதை குறைந்ததற்கு வெள்ளைக்காரன் நாகரிகத்தைத் திட்டியவர்கள் இந்தக் கட்டண விகிதத்தைக் கவனிக்கவில்லை.

இதற்கிடையில் 1854-லேயே கும்பினி ஒரு சட்டம் போட்டது. இந்தியாவில் தந்தி லைன் போடும் உரிமை சர்க்காருக்கு மட்டுமே, மற்றவர்கள் போட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். தங்களுக்கே அனுமதி கொடுத்துக்கொள்ள இவ்வளவு வருஷம் எடுத்துக்கொண்டவர்கள், மறுபேச்சில்லாமல் ஊருக்கே அனுமதி வழங்கும் ஆசாமிகளாகிவிட்டார்கள். ஓஷானஸிக்கு 1856-ல் சர் பட்டம் கொடுத்தார்கள்.

சட்டம் அவ்வப்போது சட்டை மாற்றிக்கொண்டு 1885-ல் இந்தியத் தந்திச் சட்டமானது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. தொலைபேசி வந்தது, அதுவும் இந்தச் சட்டத்தின்படி தந்திதான். செல்போன் கம்பெனிகள் உரிமம் வாங்கியதும் இதே சட்டத்தின் கீழ்தான். 2013 ஜூலையில் தந்தியையே மூடினார்கள். சட்டம் அதற்குப் பிறகும் பத்து வருஷம் திடமாக இருந்து, 2023-ல்தான் அதன் இடத்துக்கு வேறு சட்டம் இயற்றினார்கள். தந்தி செத்த செய்தியைச் சட்டத்துக்குத் தெரிவிக்க அப்போது தந்தி இல்லையே.